வேலையை விட்ட பிறகு வரும் அந்தக் காகிதம்... ஜப்பானில் கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை!

ஜப்பானில் வேலை பார்ப்பவர்களின் சம்பளச் சீட்டில், மாதாமாதம் ஒரு சின்னத் தொகை பிடிக்கப்படும். பக்கத்தில் 'கொயோ ஹொகென்' என்று போட்டிருக்கும். வேலைவாய்ப்புக் காப்பீடு என்பது அதன் பொருள். 2025-26 நிதியாண்டில் பெரும்பாலான தொழில்களில் ஊழியரின் பங்கு, சம்பளத்தில் 0.55 சதவிகிதம். மூன்று லட்சம் யென் சம்பளம் என்றால் 1,650 யென். நிறுவனம் தன் பங்காக 0.9 சதவிகிதம் கட்டும்.

வேலை இருக்கும்வரை இந்தத் தொகையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வேலை போன பிறகுதான் அதன் அருமை தெரியும். அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் கைகொடுப்பது இந்தக் காப்பீடுதான். ஆனால், பணம் தானாக வந்து வங்கிக்கணக்கில் விழாது. சில காகிதங்கள் கைக்கு வர வேண்டும். அவற்றில் எழுதியிருப்பது சரியாக இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் காரணம் மாறிப்போனால், 180 நாள்களுக்குக் கிடைக்க வேண்டிய பணம் 90 நாள்களோடு நின்றுவிடும்.

யாருக்கெல்லாம் உண்டு?

போர் முடிந்து நாடு நொடிந்துகிடந்த 1947-ல், வேலையிழந்தவர்களுக்கான காப்பீட்டுச் சட்டத்தை ஜப்பான் கொண்டுவந்தது. அதன் இடத்தில், 1974-ல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்ததுதான் இப்போதைய சட்டம்.

வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை, 31 நாள்களாவது வேலை நீடிக்கும் என்ற நிலை... இந்த இரண்டும் இருந்தால் பகுதிநேர ஊழியரையும் நிறுவனம் சேர்த்தாக வேண்டும். 2028 அக்டோபர் முதல் வாரத்துக்கு 10 மணி நேரம் வேலை செய்தாலே போதும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பகல்நேரக் கல்லூரியில் படித்தபடி பகுதிநேர வேலை செய்யும் மாணவர்களுக்குப் பொதுவாக இது பொருந்தாது.

எந்த நாட்டவர் என்ற பேதம் இதில் இல்லை. 2024 அக்டோபர் இறுதிக் கணக்குப்படி ஜப்பானில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர்கள் சுமார் 23 லட்சம் பேர். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடும்பத்தோடு வாழும் இந்திய ஐ.டி ஊழியர்களும் அதில் அடக்கம். ஜப்பானிய நிறுவனம் நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால் இந்தக் காப்பீடு உண்டு. இந்திய நிறுவனத்தின் ஊழியராகவே இருந்துகொண்டு, சில காலத்துக்கு ஜப்பானுக்கு அனுப்பப்பட்டவர்கள் பொதுவாக இதில் வர மாட்டார்கள்.

முதல் காகிதம்: எண் உள்ள சீட்டு

வேலைக்குச் சேர்ந்ததும், அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் நிறுவனம் 'ஹலோ வொர்க்' அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஹலோ வொர்க் என்பது ஜப்பான் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம். நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. பதிவானதும் 'ஹிஹோகென்ஷாஷோ' என்ற சிறிய சீட்டு வரும். காப்பீடு பெற்றவர் என்பதற்கான சான்று அது. அதில் 11 இலக்க எண் இருக்கும்.

நம் ஊரில் பி.எஃப்-க்கு யு.ஏ.என் இருப்பதுபோல, அடுத்த நிறுவனத்துக்கும் இதே எண்ணைக் கொண்டுபோக வேண்டும். பல நிறுவனங்கள் இந்தச் சீட்டைத் தாங்களே பத்திரமாக வைத்திருந்து, ஊழியர் விலகும்போதுதான் கொடுக்கின்றன. அதனால், இப்படி ஒரு சீட்டு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தொலைந்துபோனால் பதற வேண்டியதில்லை. அடையாள அட்டையுடன் ஹலோ வொர்க் போனால், கட்டணம் இல்லாமல் மறுபடி எழுதித் தருவார்கள்.

நிறுவனம் பதிவு செய்ததா என்று சந்தேகம் வந்தால், ஊழியரே ஹலோ வொர்க்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இரண்டு ஆண்டுகள்வரை பின்தேதியிட்டுச் சேர்க்க வழி உண்டு. சம்பளத்தில் பணம் பிடித்தும் பதிவு செய்யவில்லை என்றால், பிடித்ததற்கு ஆதாரம் காட்டி அதற்கும் முந்தைய காலத்தைச் சேர்க்கலாம். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப்போடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இரண்டாவது காகிதம்: விலகல் சீட்டு

பண உதவி கேட்டு விண்ணப்பிக்க முக்கியமானது 'ரிஷோகுஹியோ' எனப்படும் விலகல் சீட்டு. 1, 2 என இரண்டு தாள்களாக வரும். நிறுவனம் தன் லெட்டர்பேடில் அடித்துத் தரும் பணிவிலகல் சான்றிதழ் வேறு, இது வேறு.

ஊழியர் விலகிய 10 நாள்களுக்குள் நிறுவனம் ஹலோ வொர்க்கில் விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். ஹலோ வொர்க் அச்சிட்டுத் தரும் சீட்டை நிறுவனம் ஊழியருக்கு அனுப்பும். எல்லாம் சரியாக நடந்தால், விலகிய இரண்டு வாரத்தில் வீடு வந்து சேரும். 2025 ஜனவரி முதல், மை நம்பர் இணைப்பு போன்ற ஏற்பாடுகள் சரியாக இருந்து, நிறுவனமும் ஆன்லைனில் தாக்கல் செய்தால், 'மைனா போர்ட்டல்' என்ற அரசு இணையதளத்தில் ஊழியருக்கே நேரடியாக வந்துவிடும்.

சீட்டு வரவில்லை என்றால் முதலில் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் ஹலோ வொர்க்கில் சொல்லலாம். அவர்கள் நிறுவனத்திடம் பேசுவார்கள். விலகி 12 நாள்கள் ஆன பிறகு, சீட்டு இல்லாமலே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளவும் முடியும். பொதுவாக, விலகிய மறுநாளில் இருந்து ஓராண்டுக்குள் பணத்தைப் பெற்று முடித்தாக வேண்டும். மீதி நாள்கள் இருந்தாலும் அதன் பிறகு காலாவதி. கர்ப்பம், பிரசவம், குழந்தை வளர்ப்பு, நோய் போன்ற காரணங்களால் உடனே வேலை தேட முடியாதவர்கள், விண்ணப்பித்து இந்தக் காலத்தை மேலும் மூன்று ஆண்டுகள்வரை நீட்டித்துக்கொள்ளலாம்.

அடுத்த வேலை கையில் இருப்பவர்கள் 'எனக்கு எதற்கு இந்தச் சீட்டு' என்று விட்டுவிடுவதும் உண்டு. புது வேலை சில மாதங்களிலேயே போய்விட்டால், பழைய நிறுவனத்தில் இருந்த மாதங்களையும் சேர்த்துக் காட்டவேண்டி வரும். அதனால், கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. ஊழியர் கேட்டால் நிறுவனம் மறுக்க முடியாது.

வலது பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

விலகல் சீட்டின் இரண்டாவது தாளில் இடது பக்கம் சம்பள விவரம், வலது பக்கம் விலகியதற்கான காரணம். 'சொந்தக் காரணம்' என்றால் ஜப்பானிய மொழியில் 'ஜிகோ ட்சுகோ'. 'நிறுவனத்தின் காரணம்' என்றால் 'கைஷா ட்சுகோ'. இந்த இரண்டில் எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

36 வயது ஊழியர் ஒருவர் ஆறு ஆண்டுகள் காப்பீடு கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் காரணத்தால் விலகியிருந்தால் அவருக்கு 90 நாள்களுக்குப் பணம். நிறுவனமே ஆட்குறைப்பு செய்திருந்தால் 180 நாள்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் கட்டிய 50 வயதுக்காரர் என்றால், 150 நாள்களா 330 நாள்களா என்ற அளவுக்கு வித்தியாசம்.

தகுதியிலும் வேறுபாடு உண்டு. தானாக விலகியவர், முந்தைய இரண்டு ஆண்டுகளில் 12 மாதங்கள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆட்குறைப்பிலோ நிறுவனம் திவாலாகியோ வேலை இழந்தவருக்கு, முந்தைய ஓராண்டில் ஆறு மாதங்கள் போதும்.

சில நிறுவனங்கள், போகச் சொன்னது தாங்களாக இருந்தும் 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிடுகின்றன. ஆட்களை வேலையைவிட்டு அனுப்பினால் சில அரசு மானியங்கள் கிடைக்காமல் போகும் என்பது அதற்கு ஒரு காரணம். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் உஷாராக வேண்டும். பிறகு அந்தக் கடிதமே எதிராக நிற்கும்.

ராஜினாமா செய்தது ஊழியர்தான் என்றாலும், எல்லா ராஜினாமாவும் ஒன்றல்ல. விலகுவதற்கு முந்தைய ஆறு மாதங்களில், தொடர்ந்து மூன்று மாதங்கள் 45 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்த்திருந்தாலோ, ஒரே மாதத்தில் 100 மணி நேரத்தைத் தொட்டிருந்தாலோ, அதனால் விலகியவரை நிறுவனத்தின் காரணத்தால் வேலை இழந்தவராகவே கருத விதி இருக்கிறது. சம்பளப் பாக்கி, மேலதிகாரியின் தொடர் தொல்லை போன்றவையும் இந்தப் பட்டியலில் உண்டு. வேலைக்கு வந்துபோன நேரப் பதிவு, மின்னஞ்சல், சம்பளச் சீட்டு... இவையெல்லாம் ஆதாரம். விலகிய பிறகு இவற்றைத் திரட்டுவது சிரமம். அதனால், விலகும் முன்பே நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் எழுதிய காரணத்தில் உடன்பாடு இல்லையென்றால், 'ஆட்சேபம் உண்டு' என்று குறிக்க அந்தத் தாளிலேயே இடம் இருக்கிறது. ஹலோ வொர்க் இரு தரப்பையும் விசாரிக்கும். எது சரியான காரணம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஹலோ வொர்க்குக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல. 'எதற்கு வம்பு' என்று ஆட்சேபம் இல்லை எனக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மாற்றக் கேட்பது கடினம்.

இடது பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். போனஸ் நீங்கலாக, கடைசி ஆறு மாதச் சம்பளத்தை 180-ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள். அதில் 50 முதல் 80 சதவிகிதம்வரை தினசரி உதவித்தொகை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 45 சதவிகிதத்தில் தொடங்கும். சம்பளம் குறைவானவர்களுக்கு சதவிகிதம் கூடுதல். ஓவர்டைம் பணமும் போக்குவரத்துப் படியும் சம்பளக் கணக்கில் சேரும். அவை விட்டுப்போயிருந்தால் ஒவ்வொரு நாள் தொகையும் குறையும்.

ஹலோ வொர்க் கவுன்ட்டரில்...

விலகல் சீட்டின் இரண்டு தாள்கள், மை நம்பர் அட்டை, தன் பெயரில் உள்ள வங்கிக்கணக்கு விவரம் ஆகியவற்றோடு போக வேண்டும். அட்டை இல்லாதவர்கள் மை நம்பருக்கான சான்று, அடையாளச் சான்று, இரண்டு புகைப்படங்கள் கொண்டுபோக வேண்டும்.

பதிவு செய்ததும் முதல் ஏழு நாள்களுக்கு யாருக்கும் பணம் கிடையாது. தானாக விலகியவர்கள் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். முன்பு இரண்டு மாதங்களாக இருந்த இந்தக் காத்திருப்பு, 2025 ஏப்ரல் முதல் ஒரு மாதமாகக் குறைந்திருக்கிறது. அடிக்கடி வேலையை விடுபவர்களுக்கு இது மூன்று மாதங்கள்.

பிறகு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அலுவலகம் சென்று, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று பதிவு செய்ய வேண்டும். இடைப்பட்ட காலத்தில், பொதுவாக இரண்டு முறையாவது வேலை தேடியதைக் காட்ட வேண்டும். ஒரு நாள் பகுதிநேர வேலை செய்திருந்தாலும் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால், வாங்கிய பணத்தோடு அதைப்போல இரு மடங்குவரை சேர்த்துக் கட்ட நேரிடும். நேர்மையாகச் சொல்லி சீக்கிரம் வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பரிசும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு நாள்கள் மீதி இருக்கும்போதே நிலையான வேலை கிடைத்தால், மீதித் தொகையில் 60 சதவிகிதமும், மூன்றில் இரண்டு பங்கு மீதி இருந்தால் 70 சதவிகிதமும் மொத்தமாகக் கிடைக்கும்.

வெளிநாட்டவர்கள் மறக்கக் கூடாதவை

* பொறியாளர் போன்ற பணி விசாவில் இருப்பவர்கள், வேலையை விட்ட 14 நாள்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஹலோ வொர்க்கில் சொன்னால் மட்டும் போதாது.

* தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேல் விசாவுக்குரிய பணியில் இல்லாவிட்டால், விசா ரத்தாகும் வாய்ப்பு உண்டு. வேலை தேடியதற்கான பதிவுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

* ஊருக்கே திரும்புபவர்களுக்கு, ஓய்வூதியத்தில் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. வேலைவாய்ப்புக் காப்பீட்டில் அப்படித் திருப்பித் தருவது கிடையாது. இது ஜப்பானில் இருந்து வேலை தேடுபவர்களுக்கானது.

* மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். ஆங்கிலம், சீனம், நேபாளி, வியட்நாமியம் உள்ளிட்ட பல மொழிகளில் ஹலோ வொர்க்கின் உதவி கிடைக்கிறது.

வேலை இருக்கும்போதும் இந்தக் காப்பீடு உதவும். குழந்தை பிறந்து விடுப்பு எடுக்கும் தாய்க்கும் தந்தைக்கும், முதல் 180 நாள்களுக்குச் சம்பளத்தில் 67 சதவிகிதமும், அதன் பிறகு 50 சதவிகிதமும் கிடைப்பது இதே நிதியில் இருந்துதான்.

ஜப்பானில் மகனோ மகளோ வேலை பார்க்கிறார்கள் என்றால், அடுத்த முறை போனில் பேசும்போது இரண்டு கேள்விகள் கேட்டு வையுங்கள். 'சம்பளச் சீட்டையெல்லாம் எடுத்து வெச்சிருக்கியா? உன் காப்பீட்டு எண் உன்கிட்ட இருக்கா?'