பேஸ் கிடாருக்கு மட்டும் ஏன் இத்தனை வாட்?

பொன்னேரி திருவிழா மேடையில் சாதா கிடாருக்கு 50 வாட் ஆம்ப் போதும். பக்கத்திலிருக்கும் பேஸ் கிடாருக்கோ 300 வாட் கேட்கிறார்கள். ஏன்?

ஓலை விசிறியைப் படபடவென்று ஆட்டிவிடலாம். முறத்தை வீசிப் பாருங்கள், மெதுவாக வீசினாலே கை கடுக்கும். நிறையக் காற்றைத் தள்ளுகிறதே! பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலிக்கு ஸ்பீக்கர் ஏராளமான காற்றை அசைக்க வேண்டும். போதாததற்கு, நம் காதும் அடித்தொனியை மந்தமாகத்தான் கேட்கிறது.

விலை குறைந்த ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) தேடுகிறீர்களா? 'டி வகுப்பு' ஹெட் நல்லது. எடை குறைவு, தோள்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலேறிவிடலாம்.

பின்பக்க எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். '4 ஓமில் 300 வாட்' என்றால், 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டியில் ஏறக்குறைய பாதிதான் வரும். தடை கூடினால் மின்சாரம் குறையுமல்லவா? இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கஇணைப்பில் மாட்டினால் 4 ஓம். மூன்றாவதை மாட்டினால் தடை இன்னும் குறைந்து, ஹெட் சூடேறிக் கெட்டுப்போகலாம்.