ஜப்பானியர் காலத்தில் மூக்குப்பொடி



நம் தோட்டங்களில் பழைய தலைமுறையினர் பலருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. ஆண்களின் வேட்டி மடிப்பிலும், பாட்டிமாரின் சுருக்குப் பையிலும் ஒரு சிறு டப்பி இருக்கும். சிலர் மூக்கில் உறிஞ்சுவார்கள். சிலர் பல் ஈறில் தேய்த்துக்கொள்வார்கள். அந்தப் பொடியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பொடிக்கு ஒரு பேச்சா என்று எண்ணிவிட வேண்டாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானிய இராணுவம் மலாயாவை ஆண்டபோது நம்மவர் பட்ட பாட்டை அரிசியின் வழியாகவும் சயாம் ரயிலின் வழியாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள். காலியான பொடி டப்பியின் வழியாகச் சொன்னவர் குறைவு.

பொடி என்பது புகையிலைதான். காய்ந்த புகையிலையை வறுத்து இடித்துச் சலித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துப் பக்குவம் செய்வது நம் நாட்டு முறை. இந்தப் பழக்கம் தமிழருடையது அன்று. அமெரிக்கத் தீவுகளில் மக்கள் பொடியை மூக்கால் உறிஞ்சுவதைக் கொலம்பஸோடு சென்றவர்கள்தாம் முதலில் கண்டு எழுதினார்கள். பிறகு ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. வந்தபின் நம்மவர் அதில் தேர்ந்துவிட்டார்கள். ஆந்திரக் கரையிலுள்ள மசூலிப்பட்டணத்துப் பொடி இங்கிலாந்திலேயே பெயர்பெற்றிருந்தது.

தோட்டத்து வேலைக்குப் பொடி ஏற்றதாகவும் இருந்தது. பால் வெட்டுகிறவருக்கு இரண்டு கைகளிலும் வேலை. சுருட்டைப் பற்றவைத்து இழுத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? ஒரு சிட்டிகைப் பொடிக்கு அரை நிமிடம் போதும். நெருப்பும் வேண்டாம். ஐரோப்பாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பொடி போட்டதும் இதனால்தான். சுரங்கத்துக்குள் தீக்குச்சி கிழிக்கக்கூடாது.

ஆனால் நம் பொடி இங்கே விளைந்ததன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம். 'ரஜூலா' கப்பல் ஆட்களை ஏற்றிவந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆட்களோடு புளியும் மிளகாயும் வேட்டி சேலையும் பொடியும் கடல் தாண்டி வந்தன. அங்கிருந்து தோட்டத்துக் கடைக்கு வந்து, பற்றுப் புத்தகத்தில் ஏறி, சம்பள நாளில் கழிக்கப்பட்டன. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. பொடியை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதை ஒரு கேடாகவே எவரும் எண்ணவில்லை.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே படகுகளில் வந்து நம் கோலசிலாங்கூர்க் கரையில் ஏற முயன்றனர். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. இந்தியாவிலிருந்து வரும் கப்பல் நின்றது. அன்றோடு பொடியும் நின்றது எனலாம். கடையில் இருந்த கையிருப்பு தீரும்வரை தாங்கியது, அவ்வளவுதான்.

ஆட்சி முழுவதும் இராணுவத்தின் கையில் இருந்தது. கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைத்துவிட்டார்கள். ஒரு மாநிலத்துச் சரக்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும். மீறிப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதைக் கெம்பித்தாய் என்ற பெயரே சொல்லிவிடும். அதே போரில் ஜப்பானின் கூட்டாளியாகிய ஜெர்மனியில் புகையிலைக்குப் பங்கீட்டு அட்டை கொடுத்தார்கள். பெண்களுக்கு ஆண்களின் பங்கில் பாதிதான். ஹிட்லருக்குப் புகையிலை என்றாலே வெறுப்பு. ஆயினும் அவருடைய படைவீரர்களுக்குச் சிகரெட் போய்க்கொண்டுதான் இருந்தது. நம் தோட்டத்துப் பொடியை நிறுத்த இப்படி ஓர் அட்டையோ ஆணையோ தேவைப்படவில்லை. கடல் வழி அடைபட்டதே போதுமானதாயிற்று.

இனி வயிற்றின் கதைக்கு வருவோம். போருக்கு முன் மலாயாவில் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் போன்ற வெளிநாடுகளிலிருந்து வந்தது. அதுவும் குறைந்தது. ரப்பருக்கு முன்போல் சந்தை இல்லை. பல தோட்டங்களில் பால் வெட்டுவது நின்று, மரவள்ளிக்கிழங்கு நடும் வேலை வந்தது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் என்ற நஞ்சு பசியை மட்டுப்படுத்தும். பொடியில் சேர்க்கும் சுண்ணாம்பு அந்த நஞ்சை எளிதாகப் பிரித்து, மூக்கின் மெல்லிய தோல் வழியே விரைவாக இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. நாள்தோறும் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாள்களில் மிகக் கடுமையாக இருந்து, சில வாரங்களில் தணியும். கூடவே இதுவரை அடங்கியிருந்த பசியும் எழும். ஆக, அரிசி குறைந்த அதே காலத்தில் பொடி இல்லாதவருக்குப் பசி கூடிற்று. இரண்டு பக்கமும் இடி! பொடி புற்றுநோய்க்கும் வழி வைக்கும் என்பது இன்று ஐயமின்றித் தெரிந்த செய்தி. அன்று அதைச் சொல்வார் இல்லை.

மாற்று தேடினார்கள். வெற்றிலையும் பாக்கும் இங்கேயே விளைந்தன. சுண்ணாம்புக்குக் கடற்கரையில் சிப்பி ஓடு கிடைத்தது. ஆற்றோரத்து நிப்பா ஓலையில் மலாய்க்காரர்கள் சுருட்டிப் புகைக்கும் புகையிலை எப்போதாவது கைமாறும். அதை வாங்கி, வறுத்து, அம்மியில் அரைத்து, நெய்க்குப் பதில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பொடி செய்ததாக எங்கள் பாட்டியார் சொல்வார். ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர் அவர். மூக்கு எரிந்து கண்ணில் நீர் கொட்டுமாம். "பொடியா அது? மிளகாய்த் தூள்!" என்று சிரிப்பார்.

சிரிக்காமல் சொன்ன கதை ஒன்றும் உண்டு. ஒருமுறை கைப்பிடிப் புகையிலைக்கு இரண்டு பால் டின் அரிசி கேட்டார்களாம். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டை யாரும் மதிக்காத நேரம் அது. பாட்டியார் அரிசியை அளந்து கொடுத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்குதான். "தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஜப்பானியரின் சிறைமுகாம்களில் படித்த இராணுவ வீரர்களே தங்கள் பங்குச் சோற்றைக் கொடுத்துச் சிகரெட் வாங்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தவர்கள் மெலிந்து நோயில் விழுவதைக் கண்டு முகாம் மருத்துவர்கள் எச்சரித்தும் இருக்கிறார்கள்.

சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் நிலை வேறு. பர்மாவரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்த ரயில்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அங்கே ஆற்றில் படகோட்டி வந்த சயாம் வியாபாரிகளிடம் முட்டையும் வாழைப்பழமும் நாட்டுப் புகையிலையும் கிடைத்தன. கூலியாகக் கிடைத்த சில்லறை அவற்றுக்கே போயிற்று. இங்கே லயத்தில் காத்திருந்த பெண்களுக்கோ ஆளும் இல்லை, ஆளின் சம்பளமும் இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது. வாழைமர நோட்டுகள் செல்லாக் காசாயின. கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபின் கடைக்குப் பட்டணத்துப் பொடியும் வந்து சேர்ந்தது. முதல் சிட்டிகை போட்டதும் பாட்டியாருக்குத் தும்மல் அடங்கவில்லையாம், புதிதாகப் பழகுகிறவர்போல. அதன்பின் கடைசிவரை அவர் பொடியை விடவில்லை. நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அடுப்படிக்குப் போய், அரிசி டின்னைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் பொடிக்குக் காசு எடுத்துக் கொடுப்பார்.