அடிப்பெட்டியும் மேல்பெட்டியும்

சிவகாசி என்றதும் பட்டாசும் காலண்டரும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா வரை சென்று கற்று வந்தது தீப்பெட்டித் தொழிலைத்தான். மற்றவை பின்னால் வந்தவை. என் பாட்டி அத்தொழிலில் வளர்ந்தவர். திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டிக்கு அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டி, குரோசுக் கணக்கில் கூலி வாங்கியவர். கணிப்பொறி பற்றிய கட்டுரையில் பாட்டிக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கணிப்பொறி அறிவியல் மூன்றாமாண்டு மாணவனாகிய நான், சென்ற தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், வெளியூர்களுக்குப் பட்டாசு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் மாலை வேளைகளில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. ஊருக்குள் இருக்கும் அலுவலகத்திலிருந்து பில் கோப்பு வரும். ஊருக்கு வெளியே இருக்கும் கோடவுனிலிருந்து எந்தச் சரக்கில் எத்தனை கேஸ் ஏற்றப்பட்டது என்னும் பேக்கிங் லிஸ்ட் கோப்பு வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. எது முந்தும் என்றும் சொல்வதற்கில்லை. இரண்டையும் சேர்த்து அச்சிட்டு, உறையிலிட்டு லாரி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். இந்தச் சேர்க்கும் வேலைக்கு நிரல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஜாவா மொழியில் இத்தகைய வேலைக்கென்றே அமைந்த கட்டமைப்பு அப்பாச்சி கேமல். 2007இல் வெளிவந்தது. கிரெகர் ஹோப், பாபி உல்ஃப் என்னும் இருவர் 2003இல் எழுதிய நூலில் வகுத்துக் கொடுத்த முறைகளே இதற்கு அடிப்படை. அவற்றுள் ஒன்று 'அக்ரிகேட்டர்', அதாவது சேர்ப்பான். வரும் கோப்பு ஒவ்வொன்றையும் ஓர் அடையாளத்தால் அது இனம் பிரிக்கும். எங்களுக்கு அந்த அடையாளம் பில் எண். ஒரே எண்ணுக்குரியவற்றை ஒன்றாக வைத்துக் காத்திருக்கும். 'நிறைந்தது' என்று நாம் வகுத்த நிலை வந்ததும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும்.

எது நிறைவு? இங்கேதான் நான் சறுக்கினேன். ஜோடி என்றால் இரண்டுதானே என்று எண்ணி, எண்ணிக்கை 2 ஆனால் நிறைவு என்று எழுதிவிட்டேன். சோதித்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. சீசன் உச்சத்தில் ஒரு நாள், வாங்குபவர் சில கேஸ்கள் கூடுதலாகக் கேட்டதால், பில்லைத் திருத்தி அதே எண்ணில் மறுபடியும் அனுப்பினார்கள். முதல் பில் கோப்பை நிரல் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது. இரண்டாவது வந்ததும் எண்ணிக்கை 2 ஆயிற்று. பழைய பில்லும் புதிய பில்லும் ஜோடியாகி அச்சாகி உறைக்குள் போயின. பின்னால் வந்த பேக்கிங் லிஸ்ட் துணையின்றிக் காத்துக் கிடந்தது. மதுரையைத் தாண்டியதும் நடந்த சோதனையில், ஒரே எண்ணில் இரண்டு பில்களைக் கண்ட அதிகாரிகள் லாரியை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. பட்டாசு லோடுடன் வெயிலில் ஒரு பகல் முழுவதும் நின்ற அந்த டிரைவர் அண்ணனின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குப் பல நாள் கூசியது.

அன்றிரவு நடந்ததைப் பாட்டியிடம் சொன்னேன். "ஒரு குரோசுன்னா 144 பெட்டி. 288 துண்டு இருக்குன்னு எண்ணிக் குடுத்தா கணக்குப்பிள்ளை எடுத்துக்குவாரா? அடி 144, மேல் 144ன்னு தனித்தனியால்ல பாப்பாரு!" என்றார்.

மறுநாளே மாற்றினேன். எண்ணிக்கையை நீக்கிவிட்டு, 'பில் ஒன்று, பேக்கிங் லிஸ்ட் ஒன்று, இரண்டும் இருக்கிறதா?' என்று கேட்கும் நிபந்தனையை வைத்தேன். லிஸ்ட் வருவதற்குள் அதே எண்ணில் புதிய பில் வந்தால் பழையதன் இடத்தில் அது அமரும். அரை மணி நேரம் துணை வராவிட்டால் தனிக் கோப்புறைக்குப் போகும்படி கால வரம்பும் வைத்தேன். நிறைவு நிபந்தனையாலா, கால வரம்பாலா என்பதைக் கேமலே குறித்து வைப்பதால், இரண்டையும் பிரித்தறிவது எளிது. தனித்து நிற்பதைப் பார்த்துக் கோடவுனுக்குப் போன் செய்வது மனிதர் வேலை. அதை நிரலிடம் விடவில்லை.

வேறு சில நுட்பங்களையும் பட்டுத்தான் அறிந்தேன். பாதி எழுதப்பட்ட கோப்பை நிரல் படித்துவிடாதிருக்க, அனுப்புபவர் முழுதும் எழுதி முடித்தபின் 'டன்' என்னும் வெற்றுக் கோப்பு ஒன்றை வைப்பார். அது இருந்தால்தான் கேமல் தொடும். இன்னொன்று எளிதில் பிடிபடாதது. சேர்ப்பானிடம் ஒப்படைத்ததுமே, அந்தக் கோப்பின் வேலை முடிந்தது என்று கருதி, கேமல் அதை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிடும். சேர்ப்பான் கையில் இருப்பதோ கோப்பின் உள்ளடக்கமன்று, அது கிடந்த இடத்தின் முகவரிதான். துணை வந்தபின் திறந்து பார்த்தால் அங்கே கோப்பு இராது. ஆகவே உள்ளே விடுமுன்பே அதனை உரையாக மாற்றிக்கொள்ள வேண்டும். மேலும், காத்திருப்பவை கணிப்பொறியின் நினைவகத்தில்தான் இருக்கின்றன. மின்சாரம் போனால் அவையும் போயின. நம் ஊரில் இதை விளக்கவும் வேண்டுமோ? காத்திருப்பவற்றைத் தரவுத்தள அட்டவணையில் எழுதி வைக்கும் வசதி கேமலில் உண்டு, அதற்கு மாற்றிக்கொண்டோம்.

இன்னும் ஒன்று பாக்கி நிற்கிறது. பெரிய ஆர்டர் என்றால் ஒரே பில்லுக்கு இரண்டு லாரி போகும். பேக்கிங் லிஸ்டும் இரண்டாகிவிடும். அப்போது ஜோடி என்னும் கணக்கே பொருந்தாது. எத்தனை லிஸ்ட் வரும் என்பதைப் பில் கோப்பிலேயே குறித்து அனுப்பும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கேற்ற நிபந்தனையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.