அம்மை வந்த பிள்ளைக்கு ஊசி எதற்கு?

எதிர் வீட்டுப் பெண் போன வாரம் தன் ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இவனுக்குத்தான் போன மாசம் அம்மை போட்டு இறங்கிடுச்சே. இப்ப நர்ஸம்மா தட்டம்மை ஊசி போட வரச் சொல்றாங்க. அத்தை வேண்டவே வேண்டாங்கறாங்க. என்ன செய்யறதுன்னே புரியல" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2017-ல் நான் பட்ட அதே பாடு!

என் மகளுக்கு இரண்டு வயதில், 2011-ல், உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, அனலாய்க் காய்ச்சல். "மணல்வாரி போட்டிருக்கு. டாக்டர்கிட்டயெல்லாம் போகக் கூடாது" என்றார் என் மாமியார். வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு கிடையாது. நாலாம் நாள் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. நெஞ்சு உள்ளே இழுப்பதைப் பார்த்த என் கணவர், யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நிமோனியா. ஒன்பது நாள் படுக்கையில் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் மாதம் போட வேண்டிய அம்மை ஊசியை, "சளி பிடிச்சிருக்கே" என்று நான்தான் தள்ளிப் போட்டேன். அப்புறம் அம்மா வீட்டுக்குப் போனோம், வந்தோம், மறந்தே போனது. இதை என் கணவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயது வரை எல்லோருக்கும். முன்பு ஊசி போட்டிருந்தாலும், அம்மை வந்திருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் யார் யாரோ பேசிய பயமுறுத்தல்களும் வந்தன. "ஒரு தரம் வந்துட்டா ஆயுசுக்கும் வராது. பட்ட பிள்ளைய மறுபடி ஏன் படுத்தறே?" என்றார் மாமியார். என் கணவரோ, "நீயே யோசிச்சு முடிவு பண்ணு" என்று ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் நமக்கு அதிகாரம் வந்துவிடும்! ஊசி போடும் அன்று மகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமியாமே, மறுபடி அந்த நிமோனியா வந்துவிட்டால்?

"அப்ப ரத்தம் எடுத்துப் பார்த்து தட்டம்மைதான்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை. "பொரிஞ்சதெல்லாம் தட்டம்மை ஆகாதும்மா. தட்டம்மையாவே இருந்தாலும், உங்க மாமியார் சொல்றது பாதி சரி. வந்தவங்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது. ஆனா இந்த ஊசியில ரூபெல்லாவும் இருக்கே, அது வேற கிருமி. ஊசியில இருக்கறது வலுவிழந்த கிருமி. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருந்தா உடம்பு அப்பவே அடக்கிடும். இல்லாட்டி சில பேருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு லேசா காய்ச்சலும் தடிப்பும் வந்து தானா போயிடும்."

ரூபெல்லா குழந்தைகளுக்குச் சாதாரணமாக வந்து போய்விடுமாம். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால்தான் வினை. வயிற்றுப் பிள்ளைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது.

என் சித்தி மகளுக்கு மூன்றாம் மாதத்தில் இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சல். உடம்பில் வேர்க்குரு போலப் பொரிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறந்த பையனுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. இதயத்தில் ஓட்டை. காதும் கேட்கவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று அவளைத்தான் எல்லோரும் ஏசினார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அது ரூபெல்லாதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ரூபெல்லா வந்தா இப்படித்தான் ஆகும்" என்றார்.

என் மகளும் நாளைக்கு ஒரு பிள்ளை பெறுவாளே! விட்டுப்போனவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். மாமியாரிடம் சொல்லாமல்தான் கூட்டிப் போனேன். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மகள் இடது கட்டைவிரல் மையைக் காட்டிப் பாட்டியிடம் உளறிவிட்டாள். இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் லேசாக உடம்பு சுட்டபோது என் உயிரே போய்விட்டது. விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் சாயந்திரம் தெருவில் ஓடி விளையாடினாள்.

எதிர் வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். "எங்க அத்தை கிட்ட நீங்களே வந்து சொல்லுங்கக்கா" என்றாள். நான் போகவில்லை, என் மாமியாரை அனுப்பினேன்! வயசானவர்கள் பேச்சை வயசானவர்கள்தான் கேட்பார்கள். நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடும் நாள். அவள் தடுப்பூசி அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். துணைக்கு நானும் போகிறேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்