ஆறு ஜிபியும் அறுபத்து நான்கு எழுத்தும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய ப்ராசஸரும் வேண்டும். திரை, கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நன்றாக இருந்தும் இந்த இரண்டு இல்லாததால் பீரோவுக்கு மேலே ஏறிவிட்ட லேப்டாப்புகள் நம் வீடுகளில் நிறைய. அப்படி ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார் என்று யாரோ சொல்ல, ஒரு கல்லூரி மாணவி அதன் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. வீட்டில் இருப்பது அலைபேசியின் ஹாட்ஸ்பாட் மட்டும், நாளொன்றுக்கு 1.5 ஜிபி. அது தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். அந்த வேகத்தில் முழுக் கோப்பும் வந்து சேர 8 நாளும் 16 மணி நேரமும் ஆகும்.

பெரும்பாலோர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் லினக்ஸ் பிறந்து வளர்ந்ததே மெதுவான இணைப்புகளின் மேல்தான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஏறக்குறைய பத்தாயிரம் வரி நிரல். 1993இல் வந்த ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் தொகுப்பு 24 ஃப்ளாப்பிகளில் அடங்கியது. அதன் பிறகு மென்பொருள் பெருத்துக்கொண்டே போனது, தொலைபேசிக் கம்பியோ அப்படியே இருந்தது. 56 கிலோபிட் மோடம் தன் முழு வேகத்தில் ஓடினால்கூட 700 எம்பி சிடி ஒன்றை இறக்க 29 மணி நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியைக் கடக்கப் பலர் பல ஊர்களில் கண்டுபிடித்த வழிகள் இன்று அந்த மாணவியின் கையிலும் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் அலுப்பு போய் வியப்பு வந்துவிடும்.

முதலில், அந்த 6 ஜிபியே சுருக்கப்பட்ட அளவு. இதன் வேர் 1977இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில், டெக்னியான் கழகத்தில் யாக்கோப் ஸிவ், ஆபிரகாம் லெம்பெல் இருவரும் எழுதிய ஆய்வில் இருக்கிறது. ஒரு கோப்பைப் படித்துக்கொண்டே போகும்போது முன்பு வந்த சரமே மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுத வேண்டாம். ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை எடுத்துக்கொள்’ என்று இரண்டு எண்களைக் குறித்தால் போதும். தமிழ் எழுத்துகளுக்கு இதில் தனி லாபம் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டே இரண்டு மதிப்புகளில் ஒன்று. ஆங்கிலத்தைவிட மும்மடங்கு இடம் பிடிக்கிறதே என்று தோன்றும் தமிழ்க் கோப்பு, சுருக்கியதும் வெகுவாக மெலிந்துவிடும். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பு, இத்தகைய சுருக்கத்தால் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை ஒரே 700 எம்பி சிடிக்குள் அடக்கியது. ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடியது. வேண்டிய பகுதியை மட்டும் அந்த நொடியில் விரித்துப் படிப்பது அதன் உத்தி. நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க இன்று முடிகிறதே, அதுவும் இதே உத்தியில்தான்.

சுருக்கிய கோப்பு இணையத்தில் ஒரே கட்டியாக வருவதில்லை, பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒரு பாக்கெட்டில் 1,460 பைட் வீதம் கணக்கிட்டால் 6 ஜிபிக்கு 41 லட்சம் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. வழியில் ஒன்று தொலைந்தால் அது மட்டும் திரும்ப அனுப்பப்படும். இணைப்பே அறுந்துபோனாலும் நட்டமில்லை. ‘இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு’ என்று வலைச் சேவையகத்திடம் கேட்கும் வசதி 1997இன் எச்டிடிபி 1.1 தரத்திலேயே இருக்கிறது. குரோஷியாவைச் சேர்ந்த ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996இல் வெளியிட்ட டபிள்யூகெட் என்ற சிறு கருவி, மெதுவான, அடிக்கடி அறுபடும் இணைப்புகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. பிரவுசரின் பதிவிறக்கம் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கொடுமையை அனுபவித்தவர்கள் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால் 8 நாள் கணக்கே மாறிவிடுகிறது. நாளுக்கு 1.5 ஜிபி வீதம் நான்கு நாளில் வேலை முடியும். அகண்ட அலைவரிசை என்றாலே 256 கிலோபிட் என்று 2004ஆம் ஆண்டின் இந்தியக் கொள்கை வகுத்திருந்த காலத்தில், சில திட்டங்களில் இரவு 2 முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு சிடி முழுதாக வராது. ஏறத்தாழ 24 நிமிடம் போதாமல் போகும். மிச்சத்தை மறுநாள் இரவு தொடரலாம் என்பதால்தான் அந்தச் சலுகை பயன்பட்டது.

இப்படி நான்கு நாளாகத் துண்டு துண்டாகச் சேர்ந்த கோப்பு, மூலத்தில் இருந்தது போலவே இருக்கிறதா? மொத்தம் 4,800 கோடி பிட். அதில் ஒன்று மாறியிருந்தாலும் நிறுவல் பாதியில் நிற்கலாம், அல்லது எப்போதோ விளங்காத ஒரு பிழை தலைகாட்டலாம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. ஆனால் அது 16 பிட்தான், மொத்தமே 65,536 மதிப்புகள். பழுதான பாக்கெட்டின் எண்ணும் தற்செயலாகப் பொருந்திவிட இடமிருக்கிறது. பென் டிரைவில் நேரும் பழுதையோ அது அறியவே அறியாது. இதற்கு விடை ஷா-256 என்ற கணக்கு முறை. இந்த முழு விஷயத்தில் என்னை மிகவும் வசீகரிப்பது அதுதான்.

எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 256 பிட் நீளமுள்ள ஒரே ஒரு எண்ணை, அதாவது 64 எழுத்தில் எழுதக்கூடிய ஒரு சரத்தை, அது திருப்பித் தரும். அந்தச் சரத்துக்கு ஹாஷ் என்று பெயர். கோப்பை 64 பைட் வீதம் எடுக்கிறது. கையிலிருக்கும் எட்டு எண்களோடு அதைச் சேர்த்து, பிட்டுகளைச் சுழற்றி, கூட்டி, கலைத்து, மறுபடி சுழற்றி 64 சுற்று கலக்குகிறது. அந்தக் கலவை அடுத்த 64 பைட்டுக்குத் தொடக்கமாகிறது. ஆகக் கணக்கிட்டால் ஒரு பைட்டுக்கு ஒரு சுற்று. 6 ஜிபிக்கு 600 கோடி சுற்றுகள். பழைய லேப்டாப்கூட இதைச் சில நிமிடங்களுக்குள் முடித்துவிடும். மூலக் கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் விடையின் 256 பிட்டில் சுமார் பாதி புரண்டுவிடும். சற்றே மாறிய கோப்புக்குச் சற்றே மாறிய விடை என்பது இங்கே கிடையாது.

இதை வடிவமைத்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, அதாவது ஓர் உளவு அமைப்பு. உள்ளே ஏதாவது ரகசிய வழி வைத்திருப்பார்களோ என்று உலகம் சந்தேகப்படுவது இயல்பு. அதனால் கலக்கத் தேவைப்படும் எண்கள் கணிதத்திலிருந்தே எடுக்கப்பட்டன. தொடக்கத்தின் எட்டு எண்களும் முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களில் புள்ளிக்குப் பின்வரும் பகுதிகள். 64 சுற்றுகளுக்கான மாறிலிகள் 2 முதல் 311 வரையுள்ள 64 பகா எண்களின் கனமூலங்களில் அதே பகுதிகள். யாரும் உட்கார்ந்து கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். விடையாக வரக்கூடிய எண்களின் தொகை 78 இலக்கம் கொண்டது. இதற்கு முந்தைய எம்டி5 முறையில் வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே விடை வரச் செய்ய முடியும் என்று சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழு 2004இல் காட்டிவிட்டது. ஷா-256இல் அப்படியொரு ஜோடி இதுவரை சிக்கவில்லை.

இதனால் விளையும் பலனை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். 6 ஜிபியும் எந்த வழியில் வந்தாலும் சரி. தோழியின் பென் டிரைவ், கல்லூரி ஆய்வகம், ஊரில் ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீடு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணினி, எதுவும் பரவாயில்லை. நம்பகமான இடத்திலிருந்து வரவேண்டியது அந்த 64 எழுத்து மட்டுமே. அது ஒரு எஸ்எம்எஸ்ஸில் பாதியைக்கூட நிரப்பாது. 64 கிலோபிட் இணைப்பு அதற்குத் தாராளம்.

அந்த எழுத்துகளை நாம் நிறுவப்போகும் லினக்ஸ் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே மாற்றி, பின்வாசல் வைத்த கோப்புக்கு மக்களைத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கைப்பற்றுபவர் அதில் அச்சிட்ட ஹாஷையும் மாற்ற முடியும். ஆகவே பெரிய திட்டங்கள் ஹாஷ் பட்டியலின் மேல் ஒரு டிஜிட்டல் கையொப்பமும் இடுகின்றன. அதையும் சரிபார்ப்பது நல்லது.

எடையை ஒரு வழியிலும் நம்பிக்கையை இன்னொரு வழியிலும் கொண்டுவருவது லினக்ஸ் உலகத்துக்குப் பழக்கமானதுதான். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் அதன் சிடிகளைக் கேட்டவர்க்கெல்லாம் உலகம் முழுவதும் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது, 2011இல்தான் நிறுத்தியது. லினக்ஸ் ஃபார் யூ போன்ற இதழ்கள் சிடியோடு கடைக்கு வந்தன. தபாலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நூறு சிடி கொண்ட ஒரு பார்சல் பத்து நாளில் வந்து சேர்ந்தால் அதன் சராசரி வேகம் நொடிக்கு 680 கிலோபிட். அன்றைய அகண்ட அலைவரிசையைப் போல இரண்டரை மடங்கு!

2001இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டாரன்ட் இதே எண்ணத்தைத் துண்டுகளுக்குக் கொண்டுபோனது. நம் 6 ஜிபி கோப்பை 256 கேபி துண்டுகளாக வெட்டினால் ஏறத்தாழ 23,000 துண்டுகள் வரும், ஒவ்வொன்றுக்கும் தனி ஹாஷ். எந்த நாட்டு அந்நியர் எந்தத் துண்டைத் தந்தாலும் அப்போதே சோதித்து, பழுதானதை மட்டும் எறிந்துவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: டாரன்ட் பிறருக்கும் அனுப்பும், அதுவும் உங்கள் டேட்டாவில் கழியும். மேலேற்ற அளவை முதலிலேயே குறைத்து வையுங்கள்.

இன்னும் நுட்பமானது ஆர்சிங்க் என்ற கருவி. ஒரே நூலின் சுவடிகள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றன, எதையும் இடம் மாற்றக் கூடாது, அஞ்சலட்டை மட்டும் எழுதிப் பாடபேதங்களை எல்லாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? கோப்புகளுக்கு இந்தப் புதிரை 1996இல் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் அவிழ்த்தார்கள். பழைய கோப்பு வைத்திருப்பவர் அதைச் சம துண்டுகளாக்கி, துண்டுக்கு இரண்டு எண்களை அனுப்புகிறார்: சட்டென்று போடக்கூடிய ஒரு கூட்டல் எண்ணும், வலுவான ஒரு ஹாஷும். புதிய கோப்பு வைத்திருப்பவர் துண்டளவு சாளரம் ஒன்றைத் தன் கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்துகிறார். ஒரு பைட் நகரும்போது கூட்டலை முதலிலிருந்து போட வேண்டியதில்லை. வெளியேறியதைக் கழித்து நுழைந்ததைச் சேர்த்தால் போதும் என்பதுதான் இதன் உயிர்நாடி. கூட்டல் பொருந்தினால் மட்டும் ஹாஷை ஒப்பிடுகிறார். எங்கும் பொருந்தாத பகுதி மட்டுமே கம்பியில் போகிறது. நடுவில் பத்து வரி நுழைந்து பின்னதெல்லாம் தள்ளிப்போயிருந்தாலும் இது கண்டுபிடித்துவிடும். இதன் வழிவந்த ஸிசிங்க் கருவியால், கையில் இருக்கும் பழைய உபுண்டு கோப்பிலிருந்தே புதியதன் மாறாத பகுதிகளைக் கட்டிக்கொள்ள முடிகிறது.

இனி அந்த மாணவிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சில வார்த்தைகள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நெட்இன்ஸ்ட் கோப்பு சிறியது என்று பார்த்ததும் அதை எடுக்க வேண்டாம். மீதி மென்பொருளை நிறுவும்போது இணையத்திலிருந்துதான் இழுக்கும். முழுக் கோப்பை ஒருமுறை கொண்டுவந்துவிட்டால் நிறுவுவதற்கு இணையமே வேண்டாம். முதல்முறை போடுபவர்க்கு என் சிபாரிசு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஏறத்தாழ 3 ஜிபி, இரண்டு நாள் டேட்டா. நிறுவும்போதே புதுப்பிப்புகளை இறக்கவா என்று கேட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். வைஃபை உடனே வேலை செய்யாவிட்டால் கலங்காதீர்கள். அலைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் லினக்ஸ் அதைப் பெரும்பாலும் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தேவையான வைஃபை ஃபர்ம்வேரை டெபியனும் 2023இன் 12ஆம் பதிப்பிலிருந்து தன் நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டது. பிற்பாடு மென்பொருள் வேண்டுமானால் ஆப்ட்-ஆஃப்லைன் இருக்கிறது. உங்கள் கணினிக்கு வேண்டியவற்றின் பட்டியலை அது எழுதித் தரும். வேகமான இணையமுள்ள இடத்தில் இறக்கிப் பென் டிரைவில் எடுத்துவரலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், லேப்டாப்பில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு ஹாஷைச் சரிபாருங்கள். விண்டோஸிலேயே அதற்கு சர்ட்யூட்டில் என்ற கருவி இருக்கிறது, புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை. 64 எழுத்தும் பொருந்தினால் தைரியமாக நிறுவுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க லினக்ஸின் உரிமமே உங்களை அனுமதிக்கிறது. உங்கள் தெருவில் மெதுவான இணைப்போடு காத்திருக்கும் இன்னொருவருக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். 64 எழுத்தை மட்டும் அவரையே தளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.