சட்டம் ஏறும் மலை – 9: டிஸ்பென்சரிப் புத்தகத்தில் ஒரு வரி

லயத்தில் ஓர் அடி விழுந்தால் இந்தப் பக்கம் மூன்று காம்பராவுக்கும் அந்தப் பக்கம் மூன்று காம்பராவுக்கும் கேட்கும். காலையில் பிரட்டுக்கு ஆள் சேருமுன் தோட்டத் தலைவருக்குத் தெரிந்துவிடும். கொழுந்து நிறுப்பதற்குள் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் செய்தி போய்விடும். ஆனால் அடிபட்டவள் டிஸ்பென்சரிக்கு வந்து நிற்கும்போது புத்தகத்தில் ஏறும் காரணம் இதுதான்: "படியில் சறுக்கி விழுந்தது."

மத்தியஸ்த சபைக்குப் போகும் குடும்பச் சண்டைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு ஒரு படி முன்னால் இருப்பது மருந்து கட்டும் மேசை. காயத்தைக் கண்ட தாதி பொலிஸுக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

இலங்கையில் வீட்டு வன்முறைக்கென்று அப்படியொரு தனிக்கடமை தாதியருக்கு விதிக்கப்படவில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். மருத்துவ ஊழியர் அறிவிக்காமல் விட்டால் குற்றம் என்று அதில் எங்கும் இல்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, கொலை போன்ற பாரிய குற்றங்களை அறிந்தவர் அறிவிக்க வேண்டும் என்கிறது. அது ஊரில் உள்ள எல்லோருக்கும் பொதுவான கடமை. பொலிஸ் காவலரண் உள்ள பெரிய வைத்தியசாலைகளில், தாக்கப்பட்டு வார்ட்டில் சேர்பவரைப் பற்றி அங்கே தகவல் போவது வழக்கம். அதற்கும் "அடித்தார்" என்ற சொல் முதலில் டிக்கட்டில் விழ வேண்டும்.

அப்படியானால் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1990களிலேயே அதைச் செய்தது. தாக்குதலால் வந்த காயம் என்று நியாயமான சந்தேகம் எழுந்தாலே தாதி உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும், இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலில், துணைவரின் வன்முறையைப் பொலிஸுக்குக் கட்டாயமாக அறிவிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அவள் விரும்பினால் அறிவிக்க உதவுங்கள் என்கிறது.

மலைக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும். தாதி சொன்னவுடன் பொலிஸ் ஜீப் லயத்து வாசலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்? காம்பரா தோட்டத்துடையது. அடுத்த காம்பராவில் மாமியார், அதற்கடுத்ததில் கொழுந்தன். ஹட்டன் கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். மருந்துக்குப் போனால் பொலிஸ் வரும் என்ற பேச்சு ஒருமுறை பரவினால், அடுத்த தடவை அவள் மருந்துக்கே வரமாட்டாள்.

அதற்காகத் தாதி வாய் மூடி இருந்துவிடலாமா? அங்கேதான் எனக்கு மாறுபாடு. மறைந்து கிடக்கும் வன்முறையை வெளிக்கொணர்வது பற்றியே அறிவிக்கும் கடமையை ஆதரிப்போர் பேசுகிறார்கள். லயத்தில் எதுவும் மறைவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை என்பதே இங்குள்ள குறை. தாதியின் முதல் கடமை எழுதுவது.

"என்னம்மா ஆச்சு?"

"சறுக்கிட்டேன் மிஸ்ஸி. மழையில படி பாசி புடிச்சிக் கெடக்கு."

இந்தப் பேச்சு மலையகத்தில் எந்த மேசையிலும் நடக்கக்கூடியது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதலாம். அதன் கீழே கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். கால் வழுக்கியவர் கையை ஊன்றுவார். உள்ளங்கையும் முட்டியும் முழங்கையும் சிராயும். அடியைத் தடுக்கக் கை தூக்கியவருக்கு முன்னங்கையின் வெளிப்புறம், சுண்டுவிரல் பக்கமாகக் கன்றும். மேற்கையின் உட்புறத்தில் வட்ட வட்டமாகச் சின்னக் கன்றல்கள் வரிசையாக இருந்தால், யாரோ இறுகப் பிடித்த அடையாளமாக இருக்கலாம். எந்தக் கை, எந்த இடம், எத்தனை சென்ரிமீற்றர், என்ன நிறம், எத்தனை மணிக்குப் பார்த்தது என்று பதிந்தால் போதும். யார் அடித்தது என்று தாதி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குறிப்பின் பலன் பிறகு தெரியும். அவள் முறைப்பாடு செய்யும் நாளில் பொலிஸார் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் தருவார்கள். அவள் சம்மதத்துடன் அரசாங்க வைத்திய அதிகாரி பார்த்து, காயம் சாதாரணமா பாரதூரமா, மழுங்கிய ஆயுதமா கூரிய ஆயுதமா என்று அதில் நிரப்புவார். எலும்போ பல்லோ முறிந்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின்படி அது பாரதூரமான காயம். ஆனால் அவள் முறைப்பாட்டுக்குத் துணிவது பெரும்பாலும் முதல் அடியில் இல்லை. அதற்குள் பழைய கன்றல்கள் மறைந்திருக்கும். முன்பு எழுதிய வரி மட்டும் இருக்கும்.

நீதவான் இடைக்காலக் கட்டளையை 14 நாட்கள் வரையிலும், பாதுகாப்புக் கட்டளையை 12 மாதங்கள் வரையிலும் தரலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டுமே. இதைக் கேட்டு நிற்கும் பெண்ணின் கையில் தேதி போட்ட மூன்று குறிப்புகள் இருந்தால் "இதற்கு முன் நடந்ததா?" என்ற கேள்விக்குத் தாளே பதில் சொல்லும்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வு, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் காட்டியது. இப்படிப்பட்டவர்களுக்காகச் சுகாதார அமைச்சு 2007 இல் மாத்தறையில் தொடங்கிய "மித்துரு பியச", தமிழில் நட்பு நிலையம், இன்று பல அரச வைத்தியசாலைகளில் உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவரும் தாதியும் தனி அறையில் கேட்கிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்தத் தனி அறைகூட இல்லை. கூட வந்த கணவன் பக்கத்திலேயே நிற்பான். அவனைத் துண்டு எழுதிக்கொள்ள வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பது என்பது சட்டம் மாறாமலே, பணம் செலவழிக்காமலே செய்யக்கூடியது. கேட்டபின் அவளுக்கு 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தைச் சொல்லலாம். பொலிஸுக்குப் போவதா என்பதை அவளே முடிவெடுக்கட்டும்.

தோட்ட வைத்திய நிலையங்களைப் பொறுப்பேற்பது பற்றி அரசாங்கங்கள் பல பத்தாண்டுகளாகப் பேசுகின்றன. அப்படிப் பொறுப்பேற்கும் இடங்களில் காயப் பதிவுக்கென ஒரு புத்தகத்தைக் கட்டாயமாக்குவதே கேட்கத் தகுந்த சட்டக் கடமை. பொலிஸுக்கு ஓடும் கடமையை அதற்குப் பிறகு பேசலாம்.

(அடுத்த வாரம்: தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படும் முறைப்பாட்டுப் புத்தகம்)