நகம் உரைத்த வரலாறு

மண்ணகத்தே மறைந்து கிடக்கும் பழம்பொருள்களுள் புதைபடிவங்கள் தனிச் சிறப்புடையன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த உயிர்களின் எலும்பும் பல்லும் ஓடும் சேற்றில் அமிழ்ந்து, நாளடைவில் கனிமங்கள் ஊறிக் கல்லின் தன்மை எய்திப் புதைபடிவங்கள் ஆகின்றன. அவற்றுள் காண்போர் உள்ளத்தை எளிதிற் கவர்வது, ஊனுண்ணும் டைனோசார்களின் நகமாகும். அதனைத் தேடித் தொகுப்போர் பல நாடுகளிலும் உளர். ஆயினும், நகத்தைக் கண்டெடுத்தல் வேறு. அது கூறும் வரலாற்றைக் காத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே சிறந்த தொகுப்பாளர் ஆவர்.

புதைபடிவமாகக் கிடைப்பது பெரும்பாலும் முழு நகம் அன்று. கோழியின் விரல்நகத்தினுள் ஓர் எலும்பு உண்டு; அதனைக் கொம்புப் பொருளாலான உறை ஒன்று போர்த்திருக்கும். டைனோசாரின் நகமும் அத்தகையதே. உறை விரைவில் அழிந்துபோக, உள்ளிருக்கும் எலும்பே கல்லாகி எஞ்சுகிறது. ஆகவே, விலங்கு உயிரோடிருந்தபோது அதன் நகம் இப்போது காணப்படுவதினும் நீண்டதாய் இருந்திருக்கும். நகவெலும்பின் அடிப்புறத்தே தோன்றும் புடைப்பு, விரலை மடக்கும் தசைநார் பற்றியிருந்த இடமாகும். புடைப்புப் பெரிதாயின் பிடியும் வலிது. இரையைப் பற்றும் கைந்நகம் மிக வளைந்து பக்கங்கள் ஒடுங்கியிருக்கும். உடலைத் தாங்கும் கால்நகமோ பெரும்பாலும் வளைவு குறைந்து அடி அகன்றிருக்கும்.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், ஆக்லி என்னும் ஊருக்கு அருகே, செங்கல்லுக்குக் களிமண் எடுக்கும் குழி ஒன்று இருந்தது. 1983ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வில்லியம் வாக்கர் என்பார் அங்குச் சென்றார். அவர் குழாய்த் தொழில் செய்து வாழ்ந்தவர். ஓய்வு நேரங்களில் புதைபடிவம் தேடுவதில் பெருவிருப்பம் உடையவர். களிமண்ணிற் கிடந்த பாறைக்கட்டி ஒன்றினுள் பெரியதொரு நகத்தின் துண்டுகளை அவர் கண்டார். வீட்டிற்குக் கொணர்ந்து அவற்றைப் பொருத்திப் பார்த்தபோது, நகத்தின் முனை இல்லாமை புலப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. சில வாரங்களுக்குப் பின் அதே இடத்திற்குச் சென்று, ஒரு மணி நேரம் தேடி, முனையையும் கண்டெடுத்தார். விரலெலும்பு ஒன்றும் விலாவெலும்பின் பகுதியும் உடன் கிடைத்தன. வளைவின் வழியே அளந்தபோது நகம் ஏறத்தாழ 31 செ.மீ. நீளம் இருந்தது.

அந்நகம் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆய்வாளர்கள் அவ்வாண்டின் கோடைக்காலத்திலேயே களிமண் குழிக்குச் சென்று முறையாக அகழ்ந்தனர். விலங்கின் எலும்புக்கூட்டிற் பெரும்பகுதி அங்கே புதைந்திருந்தது. எலும்புகள் பொதிந்த பாறைக்கட்டிகள் சுமார் 2 டன் எடை இருந்தன. கடினமான பாறையினின்று எலும்புகளைப் பிரித்தெடுக்கும் பணி பல ஆண்டுகள் நீடித்தது.

1986ஆம் ஆண்டில் ஆலன் சாரிக், ஏஞ்சலா மில்னர் ஆகிய அறிஞர் இருவர் அவ்விலங்கிற்குப் 'பாரியோனிக்ஸ் வாக்கரி' என்று பெயரிட்டனர். 'வாக்கர் கண்ட கனத்த நகத்தான்' என்பது அதன் கருத்து. அது சுமார் 12½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் முகவாய் முதலையினது போல நீண்டிருந்தது. வயிறு இருந்த பகுதியில் செரிமான நீரால் அரிக்கப்பட்ட மீன் செதில்கள் காணப்பட்டன. ஊனுண்ணும் டைனோசார்களுள் மீனை உண்டனவும் இருந்தன என்பதற்கு அஃது உறுதியான சான்றாயிற்று. வாக்கர் அந்நகத்தை அலங்காரப் பொருளாகத் தம் வீட்டுப் பேழையில் வைத்துப் பூட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? எஞ்சிய எலும்புகள் களிமண்ணோடு களிமண்ணாய்ச் சூளை புகுந்து செங்கல்லாகியிருக்கவும் கூடும்!

ஒற்றை நகத்தை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் எத்துணை அரிது என்பதற்கு மற்றொரு சான்று தென்னமெரிக்காவில் உள்ளது. அர்செந்தீன நாட்டின் பத்தகோனியாப் பகுதியிற் கிடைத்த எலும்புகள் சிலவற்றைக் கொண்டு, 1998இல் 'மெகாராப்டர்' என்னும் டைனோசார் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் இருந்த, 30 செ.மீ.க்கும் மிகுந்த நகம் காலுக்கு உரியது என்று கருதப்பட்டது. பின்னர்க் கையெலும்புகள் இணைந்தவாறே கிடைத்த மற்றோர் எலும்புக்கூடு 2004இல் ஆராயப்பட்டபோது, அது கைந்நகமே என்பது தெளிவாயிற்று. எலும்புகள் தத்தம் இடத்தில் இருந்தமையே உண்மையைக் காட்டியது.

ஆகவே, புதைபடிவம் காண்போர் உடனே அதனைப் பெயர்த்தெடுத்தல் ஆகாது. கிடந்த இடம், மண்ணடுக்கு, கிடந்த முறை, நாள் ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுத்தல் வேண்டும். நில உரிமையாளரின் இசைவு பெறுதலும் நாட்டின் சட்டத்தைப் போற்றுதலும் வேண்டும். அரிய பொருளாயின் அருங்காட்சியகத்தார்க்கு அறிவித்தலே முறை. விலைக்கு வரும் நகங்கள் சிலவற்றில் வேறுவேறு விலங்குகளின் துண்டுகள் பசையால் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. அத்தகைய நகம் காண அழகியதாயினும் உண்மை கூறாது.

பிறந்த இடம் அறியப்படாத நகம் வெறுங்கல். இடமும் அடுக்கும் அறியப்பட்ட நகமோ மறைந்த உலகின் சாசனம். வாக்கரின் பெயர் நிலைபெற்றது, நகத்தை அவர் கண்டதனால் மட்டும் அன்று. அதனை அறிஞர் கையில் சேர்ப்பித்ததனாலும் ஆகும்.